அளவுப் புத்தகத்தில் ஓடும் வாய்க்கால்

ஐப்பசி பிறந்தால் இராஜாக்கமங்கலத்துக்கு மூன்று விருந்தாளிகள் வருவார்கள். துலாமழை வரும். வடக்கே குளிர் நடுக்கும் நாடுகளிலிருந்து உள்ளானும் கிளுவையும் வரும். அப்புறம் பொக்லைன் வரும். முதல் இருவரும் டெண்டர் போடாமலே நாள் தப்பாமல் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். மூன்றாமவருக்கு மட்டும் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி, அதற்குப் பின்னால் நடக்கும் பெயரில்லாத சில சடங்குகள் என்று மாதக்கணக்கில் பிடிக்கிறது. இத்தனையும் முடித்து வந்து சேருவதற்குள் மழை முந்திக்கொண்டால் அது மழையின் ஒழுங்கீனம். பறவை முந்திக்கொண்டால் அது பறவையின் ஆக்கிரமிப்பு.

பன்றிவாய்க்கால் என்பது காகிதத்தில் உள்ள பெயர். ஊர் வாயில் பன்னிவாய்க்கால். மேலே உள்ள குளங்களின் மறுகால் தண்ணீர், சானல்களின் கடைமடையில் மிஞ்சியது, தென்னந்தோப்புகளில் வழிந்தது எல்லாம் கூடி இராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் கடலில் இறங்குகிற வழி அது. பெயரிலேயே ஒரு விலங்கைச் சுமந்துகொண்டு கிடக்கும் அந்த நீர்வழியின் கரையில் நின்றுதான், இங்கே உயிரினங்களுக்கு இடம் கொடுக்கலாமா கூடாதா என்று பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு விவாதிக்கிறார்கள். எந்தத் துறை என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் மூன்று துறைகள் தனித்தனியாக ‘இது எங்கள் கட்டுப்பாட்டில் வருவதல்ல’ என்று கடிதம் தரும். பில் போடும் வேளையில் மட்டும் நான்காவதாக ஒரு துறை முளைக்கும்.

தூர்வாருதல் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும் இருக்கட்டும். இங்கே அதன் நடைமுறைப் பொருள் வேறு. தூர் என்பது அடியில் கிடப்பது. அடியோ தண்ணீருக்குள் இருக்கிறது. ஐப்பசியில் வேலையைத் தொடங்கினால் அதுதான் வசதி. தண்ணீருக்குள் கிடப்பதை எத்தனை ஆழம் வாரினோம் என்று எவனும் அளந்து பார்க்க முடியாது. அளக்க முடியாததை மறுக்கவும் முடியாது. ஆகவே தூரை அளவுப் புத்தகத்தில் வாருகிறார்கள், கரையை நிஜத்தில் வாருகிறார்கள். கரையில் நிற்பதுதான் எந்திரத்தின் கைக்கு எட்டுகிறது, புகைப்படத்திலும் விழுகிறது. கைதை, பூவரசு, சம்பு, கோரை எல்லாம் ஒரு பகலில் மொட்டையடிக்கப்படும். ‘முன்’ என்றொரு படம், ‘பின்’ என்றொரு படம். முன் படத்தில் பச்சை, பின் படத்தில் சிவப்பு மண். பச்சையைச் சிவப்பாக்கினால் வெள்ளம் வராது என்று எந்தப் பொறியியல் புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ, அந்தப் பாடத்தை மட்டும் நம்மவர்கள் மனப்பாடமாகப் படித்திருக்கிறார்கள்.

வெட்டிய மண்ணை என்ன செய்வார்கள்? அதே கரையின் உச்சியில் வைப்பார்கள். அடுத்த வாரம் மழை வந்து அதை அலுங்காமல் குலுங்காமல் வாய்க்காலுக்குள்ளேயே இறக்கிவைத்துவிடும். எடுத்ததை எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்கிற நேர்மையை அரசாங்கக் காரியத்தில் வேறு எங்கும் நீங்கள் காண முடியாது.

கைதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் தாழை என்பார்கள், பூ வாசத்துக்காகத் தலையில் வைப்பார்கள். எங்கள் கடற்கரைக்கு அது பூச்செடி இல்லை, வேலிக்காரன். இங்குள்ள மண் மணல் கலந்தது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். அந்த மண்ணைக் கைதையின் விழுதுக் கால்கள் கட்டிப்பிடித்து நிற்பதால்தான் கரை என்று ஒன்று இருக்கிறது. முள் நிறைந்த அந்தப் புதருக்குள் ஆடு நுழையாது, ஆள் நுழைய மாட்டான். அந்தத் தைரியத்தில்தான் கானாங்கோழி குஞ்சு பொரிக்கிறது, கீரி ஒளிகிறது, சாரைப் பாம்பு சட்டை உரிக்கிறது. கொஞ்சம் தள்ளிச் செங்குத்தான மண் சரிவில் மீன்கொத்தி வளை தோண்டியிருக்கும். வெள்ளத்தைத் தாங்கும் கரையும் பறவைக்கு வீடாகும் கரையும் இரண்டல்ல, ஒரே கரைதான். இதைப் புரிந்துகொள்ள ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். கால் வழுக்கி ஒருமுறை வாய்க்காலில் விழுந்து, கைதையைப் பிடித்து ஏறியிருந்தால் போதும். கையில் இரண்டு கீறல் விழும், அறிவும் வரும்.

ஒரு நாள் ஆத்திரத்தில் நானே ஒரு எஸ்டிமேட் எழுதிப் பார்த்தேன். கைதைப் புதர் அகற்றுதல், மீட்டருக்கு இவ்வளவு. அதில் குடியிருந்த குஞ்சுகளை அகற்றுதல், இனாம். பிடிமானம் போன கரை சரியும். அது அடுத்த ஆண்டு ‘கரை பலப்படுத்துதல்’ என்ற தலைப்பில் வரும். சரிந்த மண் அடியில் படியும். அது அதற்கடுத்த ஆண்டு ‘தூர்வாருதல்’. அப்போதும் அடங்கவில்லையென்றால் இருபுறமும் கான்கிரீட் சுவர். சுவரில் திறப்பு விழாக் கல்வெட்டு. கூட்டிப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை வைத்தவன் புவிசார் குறியீடு வாங்கியும் முதல் காய் பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைதையை வெட்டியவனுக்கு அடுத்த பட்ஜெட்டிலேயே காய்த்துவிடுகிறது.

வேலை செய்ய நாள் இல்லையா? இருக்கிறது. எங்கள் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. வைகாசி நடுவில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாமழை. கோதையாற்றுப் பாசனத்தில் கன்னிப்பூ சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள், கும்பப்பூ முடிந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். ஆக மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் சானல் காய்ந்து கிடக்கும். அடி தெரியும். எத்தனை அடி தூர் என்று குச்சி விட்டுப் பார்க்கலாம். அந்த மாதங்களில்தான் வலசை வந்த பறவைகளும் மூட்டை கட்டிக் கிளம்பும். இங்கேயே கிடக்கும் தாழைக்கோழியும் இலைக்கோழியும் மழை விழுந்து தண்ணீர் ஏறிய பிறகுதான் கூடு கட்ட ஆரம்பிக்கும். மழைக்கும் பறவைக்கும் விவசாயிக்கும் ஒரே நேரத்தில் தொந்தரவில்லாத மூன்று மாதத்தை இயற்கை வெட்டி எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறது. அந்த மூன்று மாதமும் நமது அலுவலகங்களில் என்ன நடக்கும்? மார்ச் 31-க்குள் பழைய பில்லை முடிக்கிற பரபரப்பு. ஏப்ரலில் புதிய நிதியாண்டின் சோம்பல். மே மாதம் கோடை விடுமுறை, குலதெய்வக் கொடை, மேல் அதிகாரி இடமாற்றம். கோப்பு எழுந்து உட்காரும்போது வாசலில் தவளை கத்துகிறது.

இதை ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மின்விசிறி மெதுவாகச் சுற்றும் எந்த அலுவலகமும் அதுதான். நாற்காலியில் இருந்தவர் நல்லவர். டீ வாங்கிக் கொடுத்தார். “நீங்க சொல்லுறது கொள்ளாம் சார். ஆனா மழை வாறதுக்கு முன்னாலே வெள்ளத் தடுப்புன்னு நிதி கேட்டா, வெள்ளம் எங்கேன்னு கேப்பாவ. வெள்ளம் வந்த பொறவு கேட்டாத்தான் அர்ஜண்ட்ன்னு கிடைக்கும்” என்றார். பொய் சொல்லவில்லை அந்த மனுஷன். எனக்கு அதுதான் கூடுதல் பயமாக இருந்தது. வீடு பற்றி எரிந்த பிறகுதான் கிணறு வெட்ட அனுமதி கிடைக்கும் என்று ஒருவர் சாந்தமாக, பிஸ்கட்டைத் தொட்டுக்கொண்டு விளக்கிச் சொல்கிறார்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மத்திய அரசின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் 2017-ல் வந்தன. அதில் ஈரநிலம் என்றால் என்ன என்று வரையறை செய்திருக்கிறார்கள். ஆற்றுக் கால்கள் ஈரநிலம் இல்லை. நெல் வயல் ஈரநிலம் இல்லை. பாசனத்துக்கென்று மனிதர் கட்டியது ஈரநிலம் இல்லை. நாஞ்சில் நாட்டில் இந்த மூன்றையும் கழித்துவிட்டால் ஈரமாக மிஞ்சுவது எங்கள் கண் மட்டும்தான். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும், அவற்றை நூல் கோத்ததுபோல் இணைக்கும் சானல்களும் ஒரே வரியில் காய்ந்துபோய்விட்டன. பறவை அந்த விதிகளைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இத்தனை தூரம் பறந்து வந்து, சட்டப்படி இல்லாத தண்ணீரில் இறங்கியிருக்குமா?

விதிவிலக்கு உண்டு. ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டால் அது ஈரநிலம்தான். 1971-ல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அது. 2022 ஆகஸ்டில், விடுதலையின் 75-ஆம் ஆண்டுக்கு 75 ராம்சர் தலங்கள் என்று கணக்கு நேராக்க வேண்டியிருந்த நேரத்தில், எங்கள் வேம்பனூருக்கும் சுசீந்திரம் தேரூருக்கும் அந்த யோகம் அடித்தது. வேம்பனூர் 19.75 ஹெக்டேர். சுசீந்திரமும் தேரூரும் சேர்ந்து 94.23 ஹெக்டேர். எனக்குச் சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தசமப் புள்ளி வரை அளந்து வேலி கட்டிய அந்த எல்லைக்கு வெளியே அதே தண்ணீர் ஓடிவந்தால் அதற்குப் பெயர் என்ன? எல்லைக்குள் நிற்கும் கூழைக்கடா சர்வதேச விருந்தினர். இரை தேடிச் சில மைல் தெற்கே பறந்து வந்து எங்கள் வாய்க்காலில் இறங்கினால் அது வேலைக்கு இடையூறு. குளம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சாமான் என்று நினைத்துவிட்டார்கள். வரத்துக்காலும் மறுகாலும் இல்லாத குளம் வெறும் குழி. கையும் காலும் வெட்டிவிட்டு நெஞ்சுக்கு மட்டும் பொன்னாடை போர்த்துகிறோம்.

வாய்க்காலைப் பாதியில் விடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1860-ல் திருவிதாங்கூர் அரசு கன்னியாகுமரியையும் திருவனந்தபுரத்தையும் நீர்வழியால் இணைக்க ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கியது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்று பெயர். பத்மநாப சாமி, இங்கிலாந்து ராணி, உள்ளூர் ராஜா மூன்று பேரையும் ஒரே பெயரில் ஏற்றியும் அது மண்டைக்காட்டுப் பக்கத்தோடு மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எங்கள் ஊர் வரை வரவே இல்லை. வெட்டிய பகுதியிலும் பல இடத்தில் இன்று மண்ணும் குப்பையும் சுவரும்தான் ஓடுகிறது. சாமியும் ராணியும் ராஜாவும் சேர்ந்து காப்பாற்ற முடியாததை ஜேசிபி காப்பாற்றும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

சரி, வெள்ளம் ஏன் வருகிறது? எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டங்களில் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள்: மேகவெடிப்பு, உலக வெப்பமயமாதல், ஆகாயத்தாமரை, நாணல், முந்தைய ஆட்சி. ஒருவராவது ஏலாவைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. ஏலா என்றால் நெல் வயல் பரப்பு, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஹெக்டேர் வயலில் வரப்பு உயரத்துக்கு, வெறும் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 10 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 80 லோடுக்கு மேல். ஒரு பைசா கரண்ட் செலவில்லாமல், ஒரு பொறியாளர் கையெழுத்தில்லாமல், அந்தத் தண்ணீரை வயல் இரண்டு நாள் வைத்திருந்து மெல்ல வாய்க்காலுக்கு விடும். மாவட்டம் முழுக்க இன்று நெல் சுமார் 6,500 ஹெக்டேரில் ஒதுங்கிக் கிடக்கிறது. மிச்சத்தில் தென்னை வந்தது, ரப்பர் வந்தது, பிறகு கல் நட்டார்கள். கொடி கட்டி, கயிறு கட்டி, ‘கார்டன்’ என்றும் ‘நகர்’ என்றும் பெயர் வைத்து விற்றார்கள். வயல் வைத்திருந்த தண்ணீர் இப்போது எங்கே போகும்? வாங்கியவர் வீட்டு வரவேற்பறையில்தான் நிற்கும். அதற்கு முன்பாத்தியதை உண்டு, பத்திரத்தில் இல்லாவிட்டாலும்.

அந்த ‘நகரு’க்குப் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டும். தாண்டப் பாலம் வேண்டும். பாலம் என்றால் செலவு. இரண்டு சிமெண்ட் குழாயை வைத்து மேலே மண்ணைப் போட்டால் ஆயிற்று. இருபதடி அகலத்தில் வந்த தண்ணீர் மூன்றடிக் குழாய்க்குள் பவ்யமாகக் குனிந்து போக வேண்டும். குழாய் வாயில் நாப்கின், டயபர், கோழிக்கடைக் கழிவுச் சாக்கு, பிளாஸ்டிக் குடம் அடைத்துக்கொள்ளும். இதை எந்தத் துறையும் போடவில்லை. நானும் நீங்களும் இருட்டியதும் ஸ்கூட்டர் வேகத்தைக் குறைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு எறிந்தவை. சாக்கடையைக் குடித்துத்தான் ஆகாயத்தாமரை கொழுக்கிறது. எந்திரம் வந்து அதைக் கிள்ளிவிட்டுப் போனால் கிள்ளிய துண்டு ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் தொடங்கும். பழியை மட்டும் பாவம், கரையில் நின்ற நாணல் வாங்கிக்கொள்ளும். நாணலுக்கு ஓட்டு இல்லை. குழாய் வைத்தவருக்கு இருக்கிறது, அவர் குடும்பத்தில் நாலு.

இனி கான்கிரீட். இது இந்தத் தலைமுறையின் பக்தி. இருபக்கமும் சுவர், அடியில் தளம், பார்க்க வழுவழுப்பாக. தண்ணீர் சல்லென்று ஓடிவிடுமாம். ஓடும். எங்கே ஓடும்? கடலுக்கு. கடல் வாசலில் என்ன இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? பொழி இருக்கிறது. ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில் அலை கொண்டுவந்து குவிக்கும் மணல் பொழிமுகத்தை அடைத்துவிடும். பெருவெள்ளம் வந்தால் தானே உடைக்கும், இல்லாவிட்டால் ஊர் கூடி மம்பட்டியால் வெட்டிவிடும். எப்போது வெட்டுவது என்பது பெரிய ராஜதந்திரம். சீக்கிரம் வெட்டினால் உப்பு ஏறி வயலும் கிணறும் கெடும். தாமதித்தால் தாழ்வான வீடுகளில் தண்ணீர். துறைக்காரருக்கு ஒரு கணக்கு, ஏலாக்காரருக்கு ஒரு கணக்கு. இரண்டும் சேர்ந்த ஒரு நாளைப் பெரியவர்கள் வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அடைத்த கதவை நோக்கித் தண்ணீரை இன்னும் வேகமாக ஓடவைக்க நாம் கோடிகளைக் கொட்டுகிறோம். ஓடிப்போய் முட்டிக்கொண்டு அது திரும்பி நம் வீட்டுக்குத்தான் வரும். வழியில் வளைந்து, நாணலில் தேங்கி, கரையில் ஊறி மெதுவாக வந்த காலத்தில், கதவு திறக்கும்வரை காத்திருக்கும் பொறுமை அந்தத் தண்ணீருக்கு இருந்தது. அந்தத் தேங்கலில்தான் மடவைக் குஞ்சு வளர்ந்தது, கரிமீன் முட்டையிட்டது, நண்டு வளை போட்டது. இராஜாக்கமங்கலத்திலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடலறிவியல் மையம் இருக்கிறது. பொழியின் மீனையும் உப்பையும் சேற்றையும் அளந்து படிக்கிற பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில். எஸ்டிமேட் போடுவதற்கு முன் அங்கே போய் ஒரு கேள்வி கேட்டவர் யாரென்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் கிஸ்ஸிம்மீ என்றொரு ஆறு. 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடியது. வெள்ளத் தடுப்பு என்று சொல்லி 1962 முதல் 1971 வரை அதை 90 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கால்வாயாக்கினார்கள். பறவை போயிற்று, மீன் போயிற்று, சதுப்பு காய்ந்தது. பிறகு தலையில் அடித்துக்கொண்டு, 1999-ல் தொடங்கி 2021 வரை, வெட்டிய கால்வாயில் ஒரு பகுதியை மண் போட்டு மூடி ஆற்றைப் பழையபடி வளைத்தார்கள். சிங்கப்பூர் பீஷானில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் வடிகாலை உடைத்து, புல்லும் கல்லும் வளைவுமாக 3.2 கிலோமீட்டர் ஆறாக்கி 2012-ல் திறந்தார்கள்; மழை பெய்தால் பூங்காவே வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். எங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூர் போய்வராத கவுன்சிலர் குறைவு. போகிறார்கள், அந்தப் பூங்காவில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், ஊருக்கு வந்து கான்கிரீட்டுக்குக் கல் நாட்டுகிறார்கள். அந்த நாட்டுக்காரர்கள் காசு கொடுத்துக் கழித்த பீடையை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

எதிர்ப்பக்கத்து ஆட்களையும் விட்டுவைக்க மனமில்லை. நகரத்திலிருந்து பெரிய லென்ஸோடு வருகிறார்கள். ஒரு கோரைத் தாளைத் தொடக்கூடாது, வாய்க்காலை அப்படியே விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலேறிப் போய்விடுகிறார்கள். திங்கட்கிழமை மழையில் பாயைச் சுருட்டி அலமாரி மேல் வைக்கிறவள் அவர்கள் படத்தில் இல்லை. வாய்க்காலைப் பார்க்காமல் விட்டாலும் அது செத்துப்போகும். சம்பு மூடி, தூர் ஏறி, கடைசியில் தண்ணீரும் இருக்காது, கோழியும் இருக்காது. வாரத்தான் வேண்டும். ஒரு வருடம் கிழக்குக் கரை, மறு வருடம் மேற்கு. ஒரு கரையை வெட்டினால் எதிர்க்கரை கைதையோடு நிற்கட்டும், ஓடிப்போக உயிர்களுக்கு இடம் இருக்கட்டும். வாரிய வண்டலைக் கரையில் குவிக்காமல் தென்னை மூட்டுக்குக் கொண்டுபோகட்டும். காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் உண்டு. இதில் எதுவும் என் கண்டுபிடிப்பல்ல. குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்த வேலைதான். அந்தப் பெயரை 2017-ல் தூசிதட்டி எடுத்துத் திட்டத்துக்குச் சூட்டினார்கள். குடியை விட்டுவிட்டு மராமத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2021 நவம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. 12, 13 தேதிகளில் கொட்டிய மழையில் குளங்கள் உடைந்தன, சானல் கரைகள் பிய்ந்தன, நாகர்கோவில் திருவனந்தபுரம் ரயில் பாதையே பெயர்ந்தது. 15-ஆம் தேதி முதலமைச்சர் வந்து பார்த்தார். அவர் வருகிற வழியில் சில மணி நேரத்தில் சாலை செப்பனிடப்பட்டது. நமக்கு வேகம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அடுத்த கோடையில் வாய்க்கால் காய்ந்து, அடி தெரிந்து, குச்சி விட்டு அளக்க வாகாகக் கிடந்தது. ஒரு நாய் அதில் படுத்துத் தூங்கியதைத் தவிர அரசாங்கம் சார்ந்த நடமாட்டம் எதையும் நான் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் பொக்லைன் வந்த அன்று நானும் கரையில் இருந்தேன். கரை என்று சொல்வது பழக்கத்தில். விடிய விடியப் பெய்து தோப்பு, சாலை, வாய்க்கால் எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தது. எந்திரத்தில் உட்கார்ந்திருந்தவன் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், இருபது வயது இருந்தால் அதிகம். ஒப்பந்தக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். பையன் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடையோடு நின்ற பெரியவரிடம் கேட்டான்.

“தாத்தா, இதுல வாய்க்கால் எது?”

பெரியவர் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை நீட்டிக் காட்டினார். தூரத்தில், வெள்ளத்துக்கு நடுவே, மீதமிருந்த ஒரே கைதைத் திட்டை ஒட்டி ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

“அந்தா கொக்கு நிக்குல்லா மக்களே, அங்ஙன ஆழம் கிடையாது. அதுதான் கரை. அதுக்கு அந்தாலே வாய்க்கால்.”

பையன் தலையாட்டினான். எந்திரம் உறுமிக்கொண்டு நகர்ந்தது. இரும்புக் கை மேலே எழுந்து, கைதையின் மேல் இறங்கியது. கொக்கு எழும்பி, இரண்டு வட்டம் அடித்து, வடக்கே போய்விட்டது. பையன் அது நின்ற இடத்தைப் பார்த்தான், சுற்றிலும் பார்த்தான், எந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி தலையை வெளியே நீட்டினான்.

“தாத்தா, இப்போ கரை எங்கே?”